வாசகர் கேள்வி – பதில்: ஸ்லைடு பயிற்சி மாநாட்டுக்கு எதைக் கொண்டுபோவது?

ஸ்லைடு காட்டிப் பேசுவது பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். அலுவலகம், கல்லூரி, கிராமக் கூட்டம் எனப் பல இடங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பயிற்சி மாநாடுகளைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம் என்பதால், அவற்றையொட்டிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் நிறுவனம் என்னையும் இன்னும் மூவரையும் பெங்களூருவில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சி மாநாட்டுக்கு அனுப்புகிறது. ஸ்லைடுகளைச் சிறப்பாகத் தயாரித்து விளக்குவது எப்படி என்பதுதான் பொருள். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒன்றுக்குப் போய், ஒரு பையும் சான்றிதழும் வாங்கி வந்ததைத் தவிர எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. இந்த முறையாவது பயன் கிடைக்க என்ன செய்ய வேண்டும், ஐயா?
– பொறியாளர், கோயம்புத்தூர்

நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை மணி நேரம் நீங்கள் உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள், எத்தனை நிமிடம் எழுந்து நின்று பேசப் போகிறீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஐந்து நிமிடம் பேசி, மற்றவர்கள் ஐந்து நிமிடம் கருத்துச் சொல்வதென்றால், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு மணி நேரம் போதும். அதுவே நூறு பேர் கொண்ட அரங்கமாக இருந்தால் ஏறத்தாழ பதினேழு மணி நேரம் வேண்டும், அதாவது அது நடக்கவே நடக்காது. ஆகவே சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவைக்கும் அமர்வுகள் இருக்கின்றனவா என்று ஏற்பாட்டாளர்களிடம் எழுதிக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கட்டணத்தில் உங்கள் ஊரிலேயே நால்வருக்கும் ஒரு பயிற்சியாளரை அழைத்துக்கொள்ளலாமா என்று மேலாளரிடம் பேசிப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்தது, அடுத்த மாதம் உண்மையிலேயே நீங்கள் காட்டிப் பேச வேண்டிய கோப்பு ஒன்றை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு போங்கள். இதை நான் எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். பயிற்சிக்கென்று அங்கே தரும் மாதிரிக் கோப்பில் பிறர் உங்களுக்குத் திருத்தம் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். இரவு கண்விழித்து நாமே தயாரித்த கோப்பில் ஒருவர் கைவைக்கும்போதுதான் எந்த வரியை நாம் விட்டுக்கொடுக்க மறுக்கிறோம், ஏன் மறுக்கிறோம் என்பது தெரியவரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்த காலத்தில் இப்படியொரு பயிற்சிக்குப் போயிருந்தேன். என் கோப்பிலிருந்து ஒரு ஸ்லைடைத் திரையில் போடச் சொன்ன பயிற்சியாளர், பத்து விநாடி கழித்துத் திரையை அணைத்துவிட்டு, கடைசி வரிசையில் இருந்த மூன்று பேரிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அந்த ஸ்லைடு சொன்னதை ஒரே வரியில் எழுதித் தரச் சொன்னார். ‘கடன் நிலுவை – ஓர் ஆய்வு’ என்பது ஸ்லைடின் தலைப்பு. அதன் கீழே பதினான்கு கிளைகளின் பெயர்களும் நான்கு ஆண்டுக் கணக்கும் கொண்ட அட்டவணை இருந்தது. ஒருவர் ‘நிலுவை கூடிக்கொண்டே போகிறது’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘வசூல் பரவாயில்லை’ என்று எழுதியிருந்தார். மூன்றாமவர், எழுத்து சிறியதாக இருந்ததால் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். நான் சொல்ல விரும்பியது இவற்றில் எதுவுமே இல்லை. நிலுவையில் பாதிக்குமேல் மூன்று கிளைகளில் மட்டுமே தேங்கிக் கிடக்கிறது என்பதுதான் என் செய்தி.

அதையே தலைப்பாக எழுதச் சொன்னார் பயிற்சியாளர். ‘நிலுவையில் பாதிக்குமேல் மூன்று கிளைகளில்தான் இருக்கிறது’ என்று எழுதியதும் அட்டவணைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பதினான்கு பட்டைகள் கொண்ட ஒரு வரைபடமும், அதில் மூன்று பட்டைகளுக்கு மட்டும் அடர்ந்த நிறமும் போதுமானவையாக இருந்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்கு எழுத்தும் பேச்சும் கற்பித்த மைக்கேல் ஆலி என்பவர் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் முறையும் இதுவே: மேலே ஒரு முழு வாக்கியம், கீழே அந்த வாக்கியத்தை மெய்ப்பிக்கும் ஒரு படம். இந்த முறையைப் பயிற்சிக்குப் போகாமலும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் என் ஸ்லைடு மூன்று பேருக்கு மூன்று விதமாகப் பட்டது என்பதை அந்த மூன்று தாள்கள் இல்லாமல் நான் நம்பியிருக்க மாட்டேன். பயிற்சி மாநாட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டியது அந்த மூன்று தாள்களைத்தான்.

நான்கு பேர் போகிறீர்கள் என்பதால், ஒரே நேரத்தில் பல அமர்வுகள் நடந்தால் பிரிந்து செல்லுங்கள். மென்பொருள் வித்தைகளைக் காட்டும் அமர்வுகளை வீட்டில் காணொளி பார்த்தே கற்றுக்கொள்ள முடியும் என்பதால் அவற்றுக்கு ஒருவர் போனால் போதும். நீங்கள் பேசுவதைப் படம்பிடித்துத் தருவார்களானால் கட்டாயம் கேட்டு வாங்கி, முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அவையைப் பார்த்துப் பேசினீர்களா, திரையைப் பார்த்துப் பேசினீர்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

எங்கள் கல்லூரியில் நடந்த பயிலரங்கில், ஸ்லைடில் உள்ள எழுத்துகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். என் மாணவர்கள் தேர்வுக்கு முன் என் பிபிடியைத்தான் கேட்கிறார்கள். எழுத்தை நீக்கிவிட்டால் அவர்கள் எதைப் படிப்பார்கள்? வெறும் படங்களைக் காட்டுவது பாடத்தை மெலிதாக்குவது ஆகாதா?
– உதவிப் பேராசிரியர், திருச்சிராப்பள்ளி

உங்கள் கவலை நியாயமானது, பயிலரங்கில் சொன்னதும் சரியானது. ஒரே கோப்பை இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்துவதுதான் சிக்கலின் வேர். வகுப்பில் நீங்கள் பேசும்போது திரையில் இருக்க வேண்டியது ஒன்று, தேர்வுக்கு முந்தைய இரவு மாணவர் வீட்டில் படிக்க வேண்டியது வேறொன்று.

திரையில் உள்ள பத்தியை அப்படியே வாய்விட்டு வாசித்தால் மாணவருக்கு இரண்டு மடங்கு புரியும் என்றுதான் நமக்குத் தோன்றும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளில் இதற்கு நேர்மாறான முடிவு கிடைத்தது. படத்தோடு விளக்கவுரையை மட்டும் கேட்டவர்கள், அதே விளக்கவுரையைத் திரையிலும் சேர்த்துப் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். படம், திரையில் உள்ள எழுத்து இரண்டையும் கண்ணே பார்த்தாக வேண்டியிருப்பதும், காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் மனம் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதும் இதற்குக் காரணங்கள். நாம் வாய்விட்டு வாசிப்பதைவிட மாணவர் கண்ணால் வேகமாகப் படித்துவிடுவார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நீங்கள் இரண்டாம் வரியில் இருக்கும்போது அவர் ஆறாம் வரியை முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுத்தைக் குறைப்பது பாடத்தை மெலிதாக்கும் என்ற உங்கள் அச்சத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. எழுத்து நிறைந்த ஸ்லைடு முக்கியமானதை ஒளித்துவைத்துவிடும். கொலம்பியா விண்வெளி ஓடத்தின் கதையை உங்கள் மாணவர்களுக்கும் சொல்லுங்கள். 2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியின் காப்பு நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருந்த நாட்களில், அதனால் ஆபத்து உண்டா என்று ஆராய்ந்த பொறியாளர்கள் தங்கள் முடிவுகளை ஸ்லைடுகளாக நாசாவின் அதிகாரிகளிடம் முன்வைத்தார்கள். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, பழைய சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணிப்பு பாதுகாப்பான பக்கமே இருக்கிறது என்ற பொருளில் அமைந்திருந்தது. அதன் கீழே உள்ளடங்கி உள்ளடங்கிச் சென்ற புள்ளி வரிகளின் கடைசிப் படியில், சிறிய எழுத்தில், மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம் என்றும் சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்றும் குறிக்கப்பட்டிருந்தது.

640 மடங்கு வேறுபாடு! அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அந்த ஸ்லைடு உண்மையில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. அது தலைப்பில் இல்லை, கடைசி வரியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று ஓடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் உயிரிழந்தார்கள். விபத்துக்குக் காரணம் இறக்கையில் ஏற்பட்ட சேதம்தான், ஸ்லைடு அல்ல. ஆனால் விசாரணைக் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில், தரவுகளைக் காட்சிப்படுத்துவதில் வல்லுநரான எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடைப் பற்றிச் செய்த பகுப்பாய்வையும் சேர்த்தது. உயிருக்கு ஆபத்தான நிலையைப் பற்றியது இது என்பதை ஒரு மூத்த அதிகாரி இந்த ஸ்லைடைப் படித்து உணராமல் போவது எளிது என்றும் குறிப்பிட்டது. பொறியாளர்கள் எதையும் மறைக்கவில்லை, எல்லாமே அதில் எழுதப்பட்டிருந்தது என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது.

மாணவர்களுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் பேச்சாளர் குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது. இப்போது திரையில் வைத்திருக்கும் பத்திகளை அங்கே மாற்றுங்கள். மேலே ஸ்லைடும் கீழே குறிப்புமாக அதை அச்சிடவோ பிடிஎஃப் ஆக்கவோ முடியும். உங்கள் மாணவர்களுக்கு இப்போது கிடைப்பதைவிடக் கூடுதலான பாடம் அதில் கிடைக்கும்.

பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து என்று ஒரு விதி இருக்கிறதாமே, அதை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்க வேண்டுமா? அனிமேஷன் பயன்படுத்தலாமா?
– வங்கி அலுவலர், மதுரை

அந்த விதி கை கவாசாகி என்னும் முதலீட்டாளர் சொன்னது. தொழில் தொடங்கப் பணம் கேட்டு வருவோருக்காக அவர் வகுத்தது அது. ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பை அதற்குள் அடக்க வேண்டியதில்லை. முப்பது புள்ளிக்குக் குறையாத எழுத்து என்ற ஒரு பகுதியை மட்டும் எங்கேயும் கடைப்பிடியுங்கள், ஏனென்றால் அந்த அளவில் எழுதினால் தேவையற்ற சொற்களுக்குத் திரையில் இடமிருக்காது.

அனிமேஷனைப் பொறுத்தவரை, கடன் விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்பதைப் படிப்படியாகக் காட்ட அது உதவும். எழுத்துகள் சுழன்று வருவதற்கு எந்த வேலையும் இல்லை, எடுத்துவிடுங்கள்.

தமிழிலேயே ஸ்லைடு தயாரிப்பவன் நான். மாவட்ட அளவிலான கருத்தரங்கு ஒன்றில் என் கோப்பைத் திறந்தபோது திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்து, அவை முன்னால் தலைகுனிந்து நின்றேன். இது மறுபடி நடக்காமல் இருக்க வழி சொல்லுங்கள்.
– தமிழாசிரியர், புதுக்கோட்டை

நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அத்தகைய எழுத்துருக்களில் கணினி உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றுக்குத் தமிழ் உருவத்தை அணிவிப்பது எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த உடை கழன்று, உள்ளே இருந்தது வெளியே தெரிந்துவிடுகிறது. இதில் உங்கள் தவறு என்று எதுவுமில்லை. பலருக்கும் இது நேர்ந்திருக்கிறது, தமிழில் செய்யத் துணிந்தவருக்கு இப்படி நேர்வதைக் கேட்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனி எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். தமிழ்நாடு அரசும் 2010-இலேயே அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன, ஆனால் மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். பவர்பாயிண்ட்டின் சேமிப்பு அமைப்புகளுக்குள் எழுத்துருவைக் கோப்போடு பதித்துவைக்கும் வசதி உண்டு. சில எழுத்துருக்களின் உரிமம் அதற்கு இடம்தராது என்பதால், பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் ஸ்லைடுக்கென்று கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு, பயிற்சி மாநாடுகளில் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே பேசுவதால் இவற்றை யாரும் சொல்வதில்லை. நம் சொற்கள் நீளமானவை. ‘செயல்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பது ஒரு வரியை விழுங்கிவிடும், ‘நடக்கிறது’ என்றால் இடமும் மிஞ்சும், பொருளும் தெளிவாகும். மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் உள்ள எழுத்துகள் அடுத்த வரியில் இடிக்காமல் இருக்க, வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். சிறிய அளவில் தடித்த எழுத்தைப் பயன்படுத்தினால் ண, ஞ போன்றவற்றின் உள்வெளி அடைபட்டுக் கரும்புள்ளியாகத் தெரியும்.

வேளாண் துறையில் பணிபுரிகிறேன். கிராமக் கூட்டங்களில் புரொஜெக்டர் வைத்து விளக்குமாறு அறிவுறுத்தப்பட்டிருக்கிறோம். பயிற்சியில் கற்றுத்தந்த எதுவும் எங்கள் கூட்டங்களுக்குப் பொருந்தவில்லை. ஓட்டுக் கொட்டகையில் பகல் வெளிச்சத்தில் படம் தெரிவதில்லை, விவசாயிகள் பாதியில் எழுந்து போகிறார்கள்.
– வேளாண் அலுவலர், பெரம்பலூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குளிரூட்டிய அரங்கில் கற்றுத்தந்ததை ஓட்டுக் கொட்டகைக்கு எடுத்துச்செல்லும்போது என்ன நேரும் என்பதைப் பயிற்சி தருபவர்கள் யோசிக்க வேண்டும். அடுத்த பயிற்சியில் நீங்களே எழுந்து இதைக் கேளுங்கள், அந்த அரங்கில் உங்களைப் போன்றவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

வெளிச்சத்துக்கு முதலில் ஒரு வழி. கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து இருட்டறையில் அழகாக இருக்கும், பகலில் அது சாம்பல் பூத்துப்போகும். வெள்ளைப் பின்னணியும் கரிய எழுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம். திரையை வாசலுக்கு எதிரே வைக்காமல், வாசல் இருக்கும் பக்கத்துச் சுவரை ஒட்டி, வெளிச்சம் திரையின் பின்புறம் படுமாறு நிறுத்தினால் படம் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

உங்கள் மாவட்டத்தில் மக்காச்சோளம் பெரும்பரப்பில் விளைவதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2018-இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கன் படைப்புழு அந்த ஆண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் புகுந்தது. அதைப் பற்றிய விளக்கவுரையில், பூச்சியின் பிறப்பிடம், அறிவியல் பெயர், வாழ்க்கைச் சுழற்சி, பொருளாதாரச் சேத நிலை என்று வரிசையாக ஸ்லைடுகள் வந்தால் விவசாயி எழுந்து போவதில் வியப்பில்லை. அவர் கேட்க வந்தது ஒன்றே: என் வயலில் இருப்பது அந்தப் புழுதானா?

அதற்கு ஒரே ஒரு படம் போதும். திரை நிறையப் புழுவைக் காட்டுங்கள். தலையில் ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற வெளிர்கோடும், வால்பக்கம் சதுரத்தின் நான்கு மூலைகளைப் போல நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். கோட்டின் மேல் ஒரு வட்டம், புள்ளிகளின் மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டு, ‘இந்த இரண்டும் இருந்தால் அது படைப்புழு’ என்று மேலே எழுதுங்கள். பிறகு விசைப்பலகையில் பி என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் திரை கறுத்துவிடும். அப்போது, காலையில் பக்கத்து வயலில் பிடித்துப் புட்டியில் போட்டுக் கொண்டுவந்த உயிருள்ள புழுவைக் கையில் கொடுத்து, ஒவ்வொருவரையும் அந்தக் கோட்டையும் நான்கு புள்ளிகளையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே விசையை மறுபடி அழுத்தினால் படம் திரும்ப வரும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அப்போது போகலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே, செய்து காட்டிக் கற்பிப்பதுதான் இந்தப் பணியின் வழக்கம். புரொஜெக்டர் வந்துவிட்டது என்பதற்காக அதைக் கைவிட வேண்டாம். மின்சாரம் போனாலும் உங்கள் கூட்டம் நடக்க வேண்டும். அதற்கு அந்த ஒரு படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுச் சுருட்டி வண்டியில் வைத்திருங்கள்.

பயிற்சி முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கும் என்கிறார்கள். எனக்குக் கணக்குத் தெரியும், ஆங்கிலம் படித்தால் புரியும், பேசத்தான் நடுக்கம். என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். போகாமல் இருக்க ஏதாவது காரணம் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன்.
– கணக்காளர், சிவகாசி

போய் வாருங்கள், சகோதரி. உங்கள் வேலையை நன்றாகச் செய்ததால்தான் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

புறப்படுவதற்கு முன்பே ஏற்பாட்டாளர்களுக்கு எழுதி, பேசிப் பழகும் அமர்வில் தமிழில் பேச அனுமதி கேளுங்கள். ஒரு ஸ்லைடு தெளிவாக இருக்கிறதா, வரிசை சரியாக வருகிறதா என்பதை மதிப்பிட எந்த மொழியாக இருந்தாலும் முடியும். தமிழ்நாட்டில் நடக்கும் பயிற்சியில் உங்கள் குழுவில் பாதிப் பேராவது அதற்காக உங்களுக்கு மனத்துக்குள் நன்றி சொல்வார்கள். ஆங்கிலத்தில்தான் என்று கண்டிப்பாகச் சொன்னால், முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் எழுதிவைத்து, தூக்கத்தில் கேட்டாலும் வரும் அளவுக்குச் சொல்லிப் பழகுங்கள். நடுவில் உள்ளதை முழுதாக மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்தாலும் எல்லாமே நின்றுவிடும். அங்கே ஸ்லைடின் தலைப்பு வாக்கியமே உங்களுக்குத் துணை. நான் மேலே பேராசிரியருக்குச் சொன்ன விதிக்கு இங்கே ஒரு விலக்கும் உண்டு: பேசப்படும் மொழி கேட்பவரின் தாய்மொழியாக இல்லாதபோது திரையில் சில முக்கியச் சொற்கள் எழுத்தில் இருப்பது அவர்களுக்கு உதவும் என்று மேயரும் ஒப்புக்கொள்கிறார். ஆகவே கலைச்சொற்களைத் திரையில் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநாட்டு நாளில் அரைமணி முன்னதாகவே போய், நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் நின்று, ஸ்லைடை மாற்றும் கிளிக்கரை இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். பிறகு கடைசி வரிசைக்குப் போய் அங்கிருந்து உங்கள் ஸ்லைடைப் படித்துப் பாருங்கள். கை நடுங்கினால் தாளைப் பிடித்துக்கொள்ளாமல் மேசைமேல் வைத்துவிடுங்கள், நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது அந்தத் தாள்தான்.

பயிற்சி முடிந்து வந்தபோது நிறையக் கற்றுக்கொண்ட நிறைவு இருந்தது. மூன்று மாதத்தில் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டேன். கற்றதைத் தக்கவைக்க என்ன செய்வது?
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, தென்காசி

திரும்பிய வாரத்திலேயே பழைய கோப்பு ஒன்றை, ஒன்றே ஒன்றை, முழுதாகத் திருத்தி எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை நடத்தப்போகும் பாடத்தை எடுத்து, ஸ்லைடுகளின் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ‘ஒளிச்சேர்க்கை – அறிமுகம்’, ‘ஒளிச்சேர்க்கை – தொடர்ச்சி’ என்று இருந்தால் அவை வெறும் பெயர்ப்பலகைகள். ‘இலை தன் உணவைத் தானே சமைக்கிறது’, ‘அதற்கு வெளிச்சம் வேண்டும்’, ‘வெளிச்சம் மறைத்த இலையில் மாவுச்சத்து இருக்காது’ என்று எழுதினால், தலைப்புகளை மட்டும் படித்தாலே பாடம் நடந்துவிடும். அப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்றால், அந்த ஸ்லைடில் என்ன சொல்ல வேண்டும் என்பதை நாம் இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள்.

கூடிப் பழக ஆட்கள் வேண்டுமென்றால், 1924-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்னும் பேச்சுப் பயிற்சி மன்றங்கள் சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் இயங்குகின்றன, இணையவழிக் கூட்டங்களும் நடத்துகின்றன. அங்கே நேரம் முடிவதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டி உணர்த்துவார்கள், பேச்சின் இடையே எத்தனை முறை ‘ஆ…’ என்று இழுத்தீர்கள் என்று எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார், ஒவ்வொரு பேச்சையும் மதிப்பிட இன்னொருவர் எழுந்து பேசுவார். தென்காசியில் இருந்துகொண்டு அதற்கெல்லாம் நேரம் இல்லையென்றால், உங்கள் பள்ளியிலேயே இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசுங்கள். பேசி முடித்ததும் திரையை அணைத்துவிட்டு மற்ற இருவரிடமும் தாளைக் கொடுங்கள், தலைப்பை எழுத வேண்டாம், தங்களுக்குப் புரிந்ததை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாள்களிலும் ஒரே வரி வரும்வரை அந்த ஸ்லைடை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம்.